எவர்சில்வர் மூடியில் குறுந்தொகை

அக்கா மகள் பத்தாம் வகுப்பு. மதுரை செல்லூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு, அதனால் பரீட்சை நெருங்கினால் தமிழ்ப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவாள். படிக்கிறதைவிட அத்தை போடுகிற பஜ்ஜிக்குத்தான் வருகிறாள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. போன முறை வந்தவள் குறளை அலகிட்டு வாய்பாடு எழுதும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "மாமா, இந்த நேர் நேர் தேமாவை வச்சு மார்க்கைத் தவிர வேற என்ன செய்யலாம்?"

நியாயமான கேள்விதான். நானும் அந்த வயதில் தேமா புளிமா கருவிளம் கூவிளம் என்று மனப்பாடம் செய்து, மார்க்கை வாங்கிக்கொண்டு மறந்தவன். அது காதால் கேட்கிற விஷயம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கண்டுபிடிக்கவில்லை. பிறகு எப்போதோ ஒரு சினிமாப் பாட்டு வழியாகத்தான் புரிந்தது. அந்தப் பாட்டைத்தான் அன்றைக்கு அவளுக்கும் போட்டுக் காட்டினேன்.

1997-இல் வந்த 'இருவர்' படத்தின் 'நறுமுகையே'. வைரமுத்து எழுதியது, ஏ.ஆர்.ரஹ்மான் இசை, உன்னிகிருஷ்ணனும் பாம்பே ஜெயஸ்ரீயும் பாடியது. பாட்டின் நடுவே 'யாயும் ஞாயும் யாராகியரோ' என்று வரும். அது குறுந்தொகையின் 40-ஆவது பாட்டு என்று தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும், தெரியாவிட்டாலும் கல்யாணப் பத்திரிகையில் ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். மொத்தமே ஐந்து வரி:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே.

என் அம்மாவும் உன் அம்மாவும் ஒருவருக்கொருவர் யாரோ, என் அப்பாவும் உன் அப்பாவும் எந்த வழியில் சொந்தம், நானும் நீயும் ஒருவரை ஒருவர் எப்படி அறிந்தோம், ஆனாலும் செம்மண்ணில் பெய்த மழைத்தண்ணீர் மாதிரி நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன. எழுதியவர் பெயர் கிடைக்காததால், அவர் சொன்ன உவமையையே பெயராக வைத்து, செம்புலப் பெயல்நீரார் என்று அழைக்கிறோம்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் அசை. எழுத்துகளைத் தனித்தனியாக எண்ணாமல், ஒரு மூச்சில் சேர்ந்து வருகிற சின்னத் துண்டாக எண்ணினால் அதுதான் அசை. இரண்டே வகை. நேர் என்றால் ஒரே அடி: நெடிலாக இருக்கலாம் (யா), மெய்யெழுத்து பின்னால் ஒட்டிக்கொண்ட குறிலாக இருக்கலாம் (யும், எந்), சீரின் கடைசியில் தனித்து நிற்கிற குறிலாகவும் இருக்கலாம் ('போல'வில் வருகிற ல). நிரை என்றால் ஒரு குறிலில் காலை ஊன்றி அடுத்த எழுத்துக்குத் தாவுவது: கிய, நில, பெயல், நிலா. இந்த அசைகள் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ சேர்ந்தால் ஒரு சீர். நேர் நேர் என்றால் தேமா, நிரை நேர் என்றால் புளிமா, நேர் நிரை கூவிளம், நிரை நிரை கருவிளம். பெயர்களைப் பார்த்து பயப்பட வேண்டாம், 'தேமா' என்ற சொல்லே நேர் நேர்தான், 'புளிமா' என்பதே நிரை நேர்தான். பெயரைச் சொன்னாலே தாளம் வந்துவிடும், அப்படிப்பட்ட பெயராகத்தான் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

சீர் என்பது சொல் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆரம்பத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. 'யாராகியரோ'வை 'யார்', 'ஆகியரோ' என்றுதான் பிரிக்கத் தோன்றும், ஆனால் அது 'யாரா', 'கியரோ' என்று இரண்டு சீராக உடைகிறது. கடைசி வரியில் 'தாம் கலந்தனவே' இன்னும் மோசம், 'தாங்கலந்', 'தனவே' என்று ஒரு சொல்லை நட்டநடுவில் வெட்டி, பாதியை முந்தின சொல்லோடு ஒட்டியிருக்கிறது. இதைப் பார்த்து அவள் முகம் சுளித்தாள். "பாட்டுல மட்டும் என்ன, பாடுறவங்க தாளத்துக்காகச் சொல்லை எங்க வேணாலும் உடைக்கிறாங்களே, அப்ப மட்டும் உனக்கு நல்லா இருக்கா?" என்றேன். பதில் இல்லை.

பேனா பேப்பரை எடுத்து வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் கிடந்த ஓர் எவர்சில்வர் மூடியைக் கவிழ்த்து வைத்தேன். நெடிலோ, மெய் ஒட்டிய குறிலோ வந்தால் தாம், இரண்டு குறில் அடுத்தடுத்து வந்தால் தக, ஒற்றைக் குறில் வந்தால் வெறும் த. முதல் வரியைத் தட்டினோம்.

தாம்தாம் தாம்தாம் தாம்தாம் தகதாம்.

யாயும், ஞாயும், யாரா, கியரோ. தேமா தேமா தேமா புளிமா. இரண்டு தடவை தட்டியதும் அவளுக்கே பிடித்துவிட்டது, மூன்றாவது தடவை நான் நிறுத்தியும் அவள் நிறுத்தவில்லை.

'நறுமுகையே'யில் இன்னொரு சங்கப் பாட்டும் இருக்கிறது. 'அற்றைத் திங்கள் அந்நிலவில்' என்று தொடங்குகிற இடம், புறநானூறு 112. பாரி மகளிர் பாடியது. அதுவும் ஐந்தே வரிதான். முதல் வரி 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்'. அதையும் தட்டச் சொன்னேன். அற்றைத், தாம்தாம். திங்கள், தாம்தாம். அவ்வெண், தாம்தாம். நிலவின், தகதாம்.

மூடியில் கை நின்றுவிட்டது. "மாமா, ரெண்டும் ஒண்ணா இருக்கு!"

உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த நிமிடம்தான் தெரியும். இரண்டு பாட்டும் தனித்தனியாக எனக்குப் பல வருடப் பழக்கம், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்த்ததில்லை. ஒரு வரி காதல், இன்னொன்று ஒப்பாரி, ஒன்று அகம், இன்னொன்று புறம், இரண்டும் அசைக்கு அசை ஒரே அச்சு. முதலாவதைப் பாடுகிற ராகத்திலேயே இரண்டாவதைப் பாடலாம், ஒரு இடத்திலும் இடிக்காது.

வாய்பாடு ஒத்துப்போனால் மட்டும் மெட்டு ஒத்துப்போய்விடாது என்பதையும் சொல்ல வேண்டும். யாப்பு இலக்கணத்துக்கு 'ல'வும் நேர், 'லா'வும் நேர். பாடுகிறவருக்கு அப்படி இல்லை, முன்னது ஒலிக்கிற நேரம் ஒரு மாத்திரை, பின்னது இரண்டு. (புத்தகத்தில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று படித்திருப்பீர்கள். பாடும்போது 'யும்', 'திங்' மாதிரி ஒற்றோடு முடிகிற குறிலை இரண்டாகவே வைத்துக்கொள்ளலாம், சந்தக் கணக்கு அப்படித்தான்.) அதனால் அசையை எண்ணிய பிறகு மாத்திரையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணினோம். 'யாயும்' 4, 'ஞாயும்' 4, 'யாரா' 4, 'கியரோ' 1, 1, 2 என்று அதுவும் 4. மொத்தம் 16. 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்' எண்ணினால் அதே 4, 4, 4, 4. அதுவும் 16.

ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு, எட்டு எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு இரண்டு மாத்திரை வைத்தால் 16. வரி அப்படியே உட்கார்ந்துவிடும். எந்த மெட்டுக்காரரும் இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

மூன்றாவது வரிக்குப் போனோம். யானும் 4, நீயும் 4, எவ்வழி 2, 1, 1, யறிதும் 1, 1, 2. இதுவும் 16. 'எவ்வழி'யில் மட்டும் தாம்தாம் என்பது தாம்தக ஆகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது நடுவில் விட்டுவிட்டு வந்த இரண்டாவது வரி. எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர். இதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. அவள் எந், தை, யும் என்று மூன்று நேராக வெட்டினாள். 'தை' நெடில்தானே என்பது அவள் வாதம். சொல்லின் நடுவில் வருகிற ஐகாரம் குறுகிவிடும், ஐகாரக் குறுக்கம் என்று அதே புத்தகத்தில் வேறு ஒரு பக்கத்தில் இருக்கிறது. ஆக, 'தையும்' குறில் குறில் ஒற்று, நிரை. எந்தையும், கூவிளம். நுந்தையும், கூவிளம். எம்முறைக், அதுவும் கூவிளம். கேளிர் மட்டும் தேமா. மூடியில் தட்டினால் தாம்ததாம் தாம்ததாம் தாம்ததாம் தாம்தாம். மாத்திரை எண்ணினால் 5, 5, 5, 4.

19. மூன்று மாத்திரை வழிகிறது.

இப்போது 'நறுமுகையே' பாட்டை மறுபடி ஓடவிட்டுக் கேளுங்கள். 'யாயும் ஞாயும்' வரும், 'யானும் நீயும்' வரும். முதல் மூன்று வரிகளில் முதலாவதும் மூன்றாவதும் மட்டும். இரண்டாவது வரி எங்கேயும் இல்லை. 16-ம் 16-ம் உள்ளே வந்திருக்கின்றன, 19 வெளியே நிற்கிறது.

அளவு சேராததால்தான் அந்த வரியை விட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நல்ல பாடகர் 19-ஐயும் 16-க்குள் அடைத்துப் பாடிவிடுவார், தமிழ்நாட்டில் அதைவிடப் பெரிய சாகசமெல்லாம் நடந்திருக்கிறது. காதல் பாட்டில் இரண்டு பேருடைய அப்பாக்களும் எதற்கு என்று நினைத்திருக்கவும் கூடும். ஆனால் முதல் வரிக்குப் போட்ட மெட்டிலேயே இரண்டாவது வரியை நீங்களே பாடிப் பாருங்கள், 'எந்தையும்' என்ற முதல் சீரிலேயே கால் தடுக்கும். காரணம் எதுவாக இருந்தாலும் காது சொல்கிற சாட்சி இது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. புறநானூற்றுப் பாட்டையும் முழுசாகப் பாருங்கள்:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம் எம் குன்றும் பிறர் கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார் யாம் எந்தையும் இலமே.

இதிலும் முதல் வரியும் மூன்றாவது வரியும் ஜோடி, இரண்டுமே 16. இதிலும் இரண்டாவது வரி 'எந்தையும்' என்றுதான் தொடங்குகிறது! இதிலும் நான்காவது வரி மட்டும் மூன்று சீர். கடைசி வரி ஏகாரத்தில் முடிவதும் அப்படியே. நான்காவது வரி குறைவதும் ஏகாரத்தில் முடிவதும் நேரிசை ஆசிரியப்பா என்ற பா வகையின் வழக்கம், அதில் ஆச்சரியம் இல்லை. 'எந்தையும்' அதே இடத்தில் வந்து விழுந்ததுதான் ஆச்சரியம். சினிமாப் பாட்டு இரண்டு பாட்டிலிருந்தும் சொல் எடுத்தது, இரண்டிலும் அப்பா வருகிற வரியைத் தொடவில்லை.

புறப்பாட்டின் பொருளைச் சொன்னபோது அவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள். பாரியை மூன்று வேந்தர்களும் சேர்ந்து முற்றுகையிட்டார்கள், அவன் இறந்த பிறகு அவன் மகள்கள் பாடியது: அந்த நிலாவில் எங்களுக்கு அப்பா இருந்தார், எங்கள் மலையும் எங்களிடம் இருந்தது. இந்த நிலாவில் வென்றவர்கள் மலையை எடுத்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. அந்தப் பறம்பு மலைதான் இப்போதைய பிரான்மலை, மதுரையிலிருந்து மேலூர் தாண்டி சிங்கம்புணரிப் பக்கம் போனால் தூரத்திலேயே தெரியும். அந்தப் பக்கம் கல்யாணம் காதுகுத்து என்று போகும்போதெல்லாம் பார்த்த மலை. அதை அவளிடம் சொன்னதும், "அந்த மலையா?" என்றாள், ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றித் தெரியாத செய்தியைக் கேட்டவள் மாதிரி.

ஒப்பாரியின் முதல் அடியை எடுத்து எப்படிக் காதல் பாட்டில் வைத்தார்கள்? வேலை நுட்பமானது. மூலத்தில் அற்றை, இற்றை என்று இரண்டாம் எழுத்து ஒத்துவருகிறது. அது எதுகை. அந்த எதுகைதான் பாட்டின் உயிரே, அன்று, இன்று என்று இரண்டு நிலாவையும் எதிரெதிரே நிறுத்துவது அதுதான். சினிமாப் பாட்டு 'அற்றை'யை வைத்துக்கொண்டு 'இற்றை'யை விட்டுவிட்டது. விட்ட இடத்தில் நெற்றி, கொற்றம், ஒற்றை என்று அதே 'ற்'றைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஓசை தொடர்கிறது, துக்கம் மட்டும் கழன்றுவிட்டது. 'அவ்வெண் நிலவின்' என்பது 'அந்நிலவில்' என்று சுருங்கி, நிலாவின் வெள்ளையும் போய்விட்டது. மூலம் தெரிந்தவருக்குக் கேட்கும்போது உள்ளே ஏதோ நெருடும், தெரியாதவருக்கு அது ஓர் அழகான பழைய நிலா. இரண்டு வகையாகவும் கேட்க முடிகிறதே என்பதில் எனக்குச் சந்தோஷம்தான், குறை சொல்வதற்காக எழுதவில்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் எனக்குச் சண்டை உண்டு. 'செம்புலப் பெயல்நீர் போல' என்பதைப் பாட்டு 'செம்புலம் சேர்ந்த நீர்த்துளி போல்' என்று மாற்றியிருக்கிறது. பெயல் என்றால் மழை, இன்றைக்குப் புழக்கத்தில் இல்லாத சொல், மாற்றியது புரிகிறது. ஆனால் அழகர்கோவில் பக்கமோ நத்தம் போகிற வழியிலோ மழை பெய்து ஓய்ந்த பிறகு நின்று பார்த்திருக்கிறீர்களா? வரப்பிலிருந்து வாய்க்கால் வரைக்கும் தண்ணீர் டீ நிறத்தில் ஓடும், எது மண் எது தண்ணீர் என்று பிரிக்கவே முடியாது, வேட்டியில் பட்டால் நாலு துவைப்புக்கும் போகாது. அது பெயல்நீர். ஒரு துளி விழுந்தால் செம்மண்ணில் ஒரு புள்ளிதான் விழும், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். சரி, கவிஞருக்கு அவர் மெட்டு, எனக்கு என் செம்மண்.

இன்னொரு தவறான எண்ணம் வந்துவிடக் கூடாது. சங்கப் புலவர்கள் ஆதி தாளத்துக்கு எழுதினார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறுந்தொகை 40-இன் ஐந்து வரிகளையும் எண்ணினால் 16, 19, 16, 13, 17 என்று வருகிறது. மாத்திரையைக் கணக்குப் பார்த்து எழுதுகிறவர் இப்படி விடமாட்டார். அவர்கள் பார்த்தது அசையையும் சீரையும். வரிக்கு நாலு சீர், கடைசிக்கு முந்தின வரிக்கு மூன்று, பெரும்பாலும் இரண்டு அசைச் சீர்கள், அவ்வளவுதான் சட்டம். அதற்குள் ஓசை ஏறி இறங்கி நடக்கும், பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு நடை. அதை அகவல் ஓசை என்பார்கள். மயில் கத்துவதற்கும் அகவுதல் என்றுதான் பெயர்.

மாத்திரையையே கணக்காக வைத்து எழுதியதைக் கேட்க வேண்டுமானால் அருணகிரிநாதரிடம் போக வேண்டும். 'முத்தைத்தரு பத்தித் திருநகை' என்பதன் சந்தம் 'தத்தத்தன தத்தத் தனதன'. அங்கே குறில் இருக்கிற இடத்தில் நெடில் வந்தால் வண்டி குடை சாய்ந்துவிடும். 1964-இல் வந்த 'அருணகிரிநாதர்' படத்தில் அதை டி.எம்.சௌந்தரராஜன் பாடியிருக்கிறார், நம்ம மதுரைக்காரர், ஒரு எழுத்துகூட நழுவாது. இன்றைக்கும் சினிமாவில் மெட்டு முதலில் வந்து வார்த்தை பின்னால் வரும்போது, பாட்டு எழுதுகிறவர் கையில் இருப்பது இதே தத்தகாரம்தான்: தானன தானா என்று மெட்டு காதில் விழுகிறது, அதற்குப் பொருந்துகிற சொல்லைத் தேடி உட்கார வைக்கிறார். ஆசிரியப்பாவில் இருப்பதை மெட்டுக்குள் கொண்டுவருவது இதற்கு நேர் எதிர் வேலை. சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதில் எந்த வரி தாளத்துக்கு மசியும் என்று தேட வேண்டும். 16-ஐத் தேட வேண்டும்.

எல்லாச் சங்கப் பாட்டும் இப்படித் தாம்தாம் என்று நடக்காது. 'திருவிளையாடல்' படத்தில் தருமிக்கு இறைவன் எழுதிக் கொடுப்பாரே, 'கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி', அது குறுந்தொகையின் இரண்டாவது பாட்டு, அதுவும் ஐந்து வரிதான். கூவிளம் தேமா கூவிளம் தேமா. தாம்ததாம் தாம்த தாம்ததாம் தாம்த என்று ஊஞ்சல் மாதிரி போய் வரும். படத்தில் அதை மெட்டுப் போட்டுப் பாடவில்லை, வசனமாகவே சொன்னார்கள், அப்படியும் 1965-இலிருந்து ஊரில் பாதிப் பேருக்கு முதல் வரி மனப்பாடம். மீனாட்சியம்மன் கோவிலில் பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து யாராவது அந்த வசனத்தைப் பேசிக் காட்டுவதை நானே கேட்டிருக்கிறேன்.

கடைசியாக அவளுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்தது ஔவையார் பாட்டு, குறுந்தொகை 23. 'அகவன் மகளே அகவன் மகளே' என்று தொடங்கும். குறி சொல்கிற அகவல் மகளிடம் தோழி சொல்கிறாள்: பாடு, இன்னும் பாடு, அவருடைய மலையைப் பாடினாயே, அந்தப் பாட்டையே பாடு. தலைவியின் மனசில் யார் இருக்கிறார் என்பதை எதிரே இருக்கிற தாய்க்கு நேரடியாகச் சொல்லாமல் சொல்லும் தந்திரம். ஐந்தே வரிக்குள் 'அகவன் மகளே' மூன்று தடவை, 'பாட்டே' மூன்று தடவை. பல்லவி என்ற ஏற்பாடு இல்லாத காலத்திலேயே பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வருகிறது. அக-வன் புளிமா, மக-ளே புளிமா. தகதாம் தகதாம் தகதாம் தகதாம். ஒவ்வொரு சீரும் 4, மறுபடியும் 16.

அவள் எண்ணவில்லை. நேராகத் தட்ட ஆரம்பித்துவிட்டாள், ஏதோ ஒரு மெட்டு, எந்தப் படம் என்று எனக்குப் பிடிபடவில்லை, புதுசாக இருக்கும். மூன்றாவது சுற்றில் நானும் சேர்ந்துகொண்டேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது: "ஏங்க, பால் பொங்குது, அந்த மூடியக் குடுத்துட்டுப் பாடுங்க."